முப்பத்தெட்டாவது சீட்டு

பெங்களூர் பீன்யாவில் மோட்டார் பாகங்கள் கடையும் பட்டறை ஒன்றில் ஹெர்பர்ட்டுக்கு முப்பத்தொரு வருஷ சர்வீஸ். பதினெட்டு வயதில் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளும் வேலைக்குச் சேர்ந்தவர். மைக்ரோமீட்டர் பார்ப்பதையும் வரைபடம் படிப்பதையும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. மற்றவர்கள் டீக்குப் போகும் நேரத்தில் தானே அளந்து, தானே தப்புச் செய்து, தானே திருத்திக் கற்றுக்கொண்டார். நாற்பது வயதுக்குள் பரிசோதகர் நாற்காலிக்கு வந்துவிட்டார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அளவு தப்பிய உருப்படியைச் சும்மா ஓரமாகத் தள்ளிவிட முடியாது. அதற்குச் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். அட்டையில் என்ன குறை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஹெர்பர்ட் எழுதிய குறையை இத்தனை வருஷத்தில் ஒருவரும் மறுத்ததில்லை. லேத்தில் நிற்பவன் முணுமுணுத்துக்கொண்டே போவான். அளந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வான்.

இல்லாத குறையை அவர் எழுதியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதுவும் பட்டறையில் இல்லை, சபையில்.

ஆஸ்டின் டவுனில் அவர் பிறந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர்களுடைய தமிழ்க் கிறிஸ்தவ சபை. வாலிபர் ஐக்கியத்தை அங்கே எல்லாரும் 'யூத்' என்றுதான் சொல்வார்கள். பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது, இருபது வயது வரை நாற்பது பேர்போல் சனிக்கிழமை சாயங்காலம் கூடுவார்கள். மே மாதம் ஐந்து நாள் முகாம். அவர்களைப் பார்த்துக்கொள்ள நான்கு தலைவர்கள்; சம்பளம் இல்லை, வருஷா வருஷம் தேர்வு.

ஆறு வருஷத்துக்கு முன்பு வரை அது தேர்வே இல்லை. யார் வீட்டுப் பையன் என்று பார்த்துக் கொடுப்பார்கள். அப்படிப் பொறுப்பு வாங்கிய ஒருவன் முகாமில் மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்க, இரண்டு பிள்ளைகள் ஏரியில் இறங்கிவிட்டார்கள். மாடு மேய்க்க வந்த ஒருவர் பார்த்து இழுத்துப் போட்டதால் பிழைத்தார்கள். அதற்கப்புறம்தான் போதகர், "அளந்து பார்த்து எடுக்கிற ஆள் வேணும்" என்று ஹெர்பர்ட்டைக் கூப்பிட்டார்.

அவரும் அளந்தார். ஒரு விண்ணப்பம். தெரிந்தவர் ஒருவரின் நற்சான்று. வருஷத்து ஐம்பத்திரண்டு ஞாயிறு ஆராதனையில் முப்பத்தொன்பதுக்காவது வந்திருக்க வேண்டும். வேலை காரணமாக வர முடியாத ஞாயிறுகளுக்கு ஆபீசிலிருந்து கடிதம் கொடுத்தால் அவையும் வந்த கணக்கில் சேரும். நர்சிங் படித்த ஒரு பெண்ணுக்காக இரண்டு வருஷத்துக்கு முன்பு அவரே சேர்த்த விதி இது. வருகைப் பதிவேடு அவர் கையில். தேர்வாகாதவரை நேரில் கூப்பிட்டுக் காரணம் சொல்வதும் அவர்தான். சிவப்பு அட்டை மாதிரி.

இந்த வருஷம் காலியானது ஒரே இடம். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் ஷெர்வின், சபைச் செயலாளரின் மகன், இருபத்திரண்டு வயது, நன்றாக கிட்டார் வாசிப்பான். இன்னொருத்தி ஷில்பா, இருபத்தாறு வயது. அவள் அப்பா முனிகிருஷ்ணன் சிவாஜிநகரில் துணிக்கடையில் தைக்கிறவர். வீட்டில் இன்னமும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். தோழியோடு சபையை வேடிக்கை பார்க்க வந்தவள் தங்கிவிட்டாள். ஞானஸ்நானம் எடுத்து நான்கு வருஷம். வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆபீசில் வேலை. தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது என்று குடியிருப்பவர்கள் கத்துவதைக் கேட்டுக்கொள்வதுதான் உத்தியோகம். மாதத்தில் ஒரு ஞாயிறு அவளுக்கு டூட்டி விழும்.

விண்ணப்பமும் நற்சான்றும் போதாது என்று இந்தத் தடவை ஹெர்பர்ட்டுக்குத் தோன்றியது. பிள்ளைகள் யாரை நம்புகிறார்கள் என்பதற்கு அவரிடம் அளவுகோல் இல்லை. யோசித்து ஒன்று கண்டுபிடித்தார். சனிக்கிழமை கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார்.

"உங்களுக்கு ஒரு சங்கடம் வருது. வீட்ல சொல்ல முடியாது. நம்ம சபையில யார்கிட்ட மொதல்ல போவீங்க? ஒரே ஒரு பேர். உங்க பேர் எழுத வேணாம்."

"கையெழுத்து வெச்சுக் கண்டுபிடிப்பீங்களா அங்கிள்?" என்றான் பின்வரிசையிலிருந்து ஒருவன்.

"மாட்டேன். எண்ணுவேன், அவ்ளோதான். யார் எழுதினதுன்னு தேட மாட்டேன். இது வாக்கு."

பழைய பிஸ்கட் டின் ஒன்று சுற்றிவந்தது. அன்றைக்கு வந்திருந்தவர்கள் முப்பத்தெட்டு பேர். கிட்டார் வாசிக்க வரும் ஷெர்வினும் இருந்தான். ஹெர்பர்ட்டின் ஒரே மகள் சஹானாவும் இருந்தாள்; பதினேழு வயது, பி.யு.சி. இரண்டாம் வருஷம். ஷில்பாவுக்கு டூட்டி.

பிள்ளைகள் போன பின், பீடத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் தனியே உட்கார்ந்து சீட்டுகளைப் பிரித்தார். ஷில்பா, ஷில்பா அக்கா, ஷில்பாக்கா. இடையில் ஷெர்வின். மறுபடி ஷில்பா. தன் பெயர் ஒரு சீட்டிலாவது இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார் என்பது, முப்பதைத் தாண்டியும் அது வராதபோதுதான் அவருக்கே தெரிந்தது. இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரைத் தொட்டிலில் பார்த்தவர் அவர்.

கடைசிச் சீட்டு நான்காக மடிந்திருந்தது. அதில் பெயரோடு நிற்கவில்லை.

'ஷில்பா அக்கா. திட்டாம முழுசா கேப்பாங்க. எங்க அப்பாவே இங்க பெரிய ஆள்தான். ஆனா அவர்கிட்ட எது எடுத்துட்டுப் போனாலும் மொதல்ல தப்பு எங்கன்னு பார்ப்பார்.'

தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஷில்பாவுக்கு இருபத்து நான்கு. ஷெர்வினுக்கு ஒன்பது. மற்றவர்களுக்கு ஐந்து. ஹெர்பர்ட் முப்பத்தேழு சீட்டுகளை டின்னில் போட்டு மூடினார். முப்பத்தெட்டாவதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் மகள் என்ன சங்கடத்தை இந்தப் பெண்ணிடம் கொண்டுபோனாள்? எத்தனை நாளாகப் போகிறது இது? வீடு வரும் வரை வேறு நினைப்பு ஓடவில்லை. மகள் மேல் கோபம் வந்திருந்தால் நியாயமாவது இருந்திருக்கும். கோபம் வந்தது ஷில்பா மேல்.

மறுநாள் ஆராதனை முடிந்து தேர்வுக் கமிட்டியின் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்: போதகர், ஹெர்பர்ட், கோமளம். கோமளம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் ஊசிதான்.

"இன்னா ஹெர்பர்ட்டு, சீட்டுப் போட்டியாமே? வேதத்துல அப்போஸ்தலருங்க சீட்டுப் போட்டாங்க, அப்புறம் நீதான். யாருக்கு விழுந்துச்சு?"

"ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்டதான் சிஸ்டர். பசங்க சும்னே தமாஷுக்கு எழுதியிருக்குதுங்க. அத வெச்சு முடிவு பண்ண முடியாது."

வாயிலிருந்து வந்த வேகம் அவரையே திடுக்கிட வைத்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பதிவேட்டைப் பிரித்தார்.

"ரிஜிஸ்டர்படி பார்த்தா ஷில்பா முப்பத்தொன்னு. எட்டு கம்மி. ஷெர்வின் நாப்பது."

ஷெர்வின் வந்தது முப்பத்து மூன்று. பரீட்சைக் காலம் என்று ஏழு ஞாயிறுகளை ஹெர்பர்ட்தான் கூட்டியிருந்தார். ஷில்பாவின் பன்னிரண்டு டூட்டி ஞாயிறுகளுக்கு ஆபீஸ் கடிதம் அதே ஃபைலில், அவர் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது. சேர்த்தால் நாற்பத்து மூன்று.

கடிதம் இருக்கிறதா என்று போதகர் கேட்கவில்லை. கோமளமும் கேட்கவில்லை. "உங்க ரிஜிஸ்டர்ல கேள்வி ஏது பிரதர்" என்று போதகர் ஷெர்வினின் பெயரை எழுதினார். அந்த நம்பிக்கை முகத்தில் துப்பியதுபோல் இருந்தது. அவர் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

வழக்கப்படி ஷில்பாவைப் பக்கவாட்டுப் படிக்கட்டில் கூப்பிட்டுச் சொன்னார். மற்றவர்களிடம் முகத்தைப் பார்த்துச் சொல்வார். இவளிடம் அவள் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

"லெட்டர் குடுத்திருந்தேனே அங்கிள்?"

"அது... இந்த வருஷம் கமிட்டி எடுத்துக்கலம்மா."

"ஓ." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, "எத்தனை ஞாயிறு வேணும்? முப்பத்தொன்பதா?" என்று கேட்டுப் போனில் குறித்துக்கொண்டாள். "அப்ப ஒன்னு பண்றேன் அங்கிள். ஆபீஸ்ல என்னை சூப்பர்வைசர் ஆக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு எல்லா ஞாயிறும் டூட்டி. புதன்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். ரெண்டு மனசா இருந்தேன். நீங்க சொன்னதும் க்ளியர் ஆயிடுச்சு. வேணாம்னு சொல்லிட்டு வீக்டே ஷிஃப்ட் கேட்டுக்கறேன்."

"அவசரப்படாதம்மா."

"இல்ல அங்கிள், ரிஜிஸ்டர்ல இருக்கறதுதானே சொல்றீங்க. உங்க மேல எனக்கு ஒன்னும் பேஜார் இல்ல." சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

மத்தியானச் சாப்பாட்டில் சஹானா கேட்டாள். "டாடி, ஷில்பா அக்காதானே?"

"இல்ல. ஷெர்வின்."

அவள் சண்டை போடுவாள் என்று அவர் பதில்களை வரிசையாக வைத்திருந்தார். அவளோ தட்டில் பாதி இருக்க எழுந்துபோய்க் கழுவினாள். மனைவி காந்தா, "இன்னாடி, கறி புடிக்கலயா?" என்றபோது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சீட்டு அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. குனிந்து சாப்பிடும்போது மார்பில் குத்துவதுபோல் இருந்தது. காகிதம் குத்தாது என்று அவருக்குத் தெரியாதா என்ன.

திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது பேக்கரி வாசலில் ஷெர்வின் நின்றிருந்தான். அவருக்காகத்தான் நின்றிருக்கிறான் என்பது கையில் பன் ஆறிப்போயிருந்ததில் தெரிந்தது.

"அங்கிள், எனக்கு எப்படி வந்துச்சு?"

"ஏன், வேணாமா?"

"வேணும். ஆனா நானே ஷில்பா அக்கா பேருதான் எழுதினேன். என் பக்கத்துல நாலு பேரும் அதான் எழுதினாங்க. பாத்தேன்." பன்னை இரண்டாகப் பிய்த்தான், தின்னவில்லை. "கிட்டத்தட்டன்னு சொன்னீங்களாமே. அப்பா சொன்னாரு. எப்படி அங்கிள் கிட்டத்தட்ட வரும்?"

"சீட்ட மட்டும் பாத்து எடுக்கறதில்லப்பா. ரிஜிஸ்டரும் பாக்கணும்."

"என் ரிஜிஸ்டரையுமா?" என்றான் ஷெர்வின். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். எத்தனை ஞாயிறு வராமல் தூங்கினான் என்பது அவனுக்குத் தெரியும்.

அப்போதே ஷில்பாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். 'பொறும்மா, ஆபீசில் ஒன்றும் சொல்லிவிடாதே' என்று ஒரு வரி. கமிட்டியிடம் சொல்லாமல் எப்படிப் பேசுவது, முறை என்று ஒன்று இருக்கிறதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். முறை என்கிற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு வசதியாக ஒளிந்துகொள்ளலாம் என்பது அவருக்கு அன்றுதான் பிடிபட்டது. பிடிபட்டும் ஒளிந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு தட்டு உருப்படி வந்தது. மூன்றாவது உருப்படியில் உள்விட்டம் ஒரு மயிரிழை பெரிது. சிவப்பு அட்டையை எடுத்து, காரணம் எழுதும் கோட்டில் பேனாவை வைத்தார். கை நகரவில்லை. இந்த அட்டையை அவர் கட்டினால் லேத்காரன் இதை எடுத்து அளந்து பார்ப்பான். ஷில்பாவுக்கு அளந்து பார்க்கும் வசதி இல்லை. அவள் தன்னைத்தான் அளந்து பார்த்து, எட்டு கம்மி என்று நம்பிக்கொண்டு போயிருக்கிறாள்.

அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு நேராகப் போதகர் வீட்டுக்கு வந்தார். கோமளத்தையும் வரச் சொன்னார். பிஸ்கட் டின்னையும் ஃபைலையும் மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னார். ஷெர்வினுக்குக் கூட்டிய ஏழு ஞாயிறு. மறைத்த கடிதம். முப்பத்தெட்டுச் சீட்டில் ஷில்பாவுக்கு இருபத்து நான்கு வந்தும் 'கிட்டத்தட்ட' என்று சொன்ன பொய்.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோமளம் டின்னைக் கவிழ்த்துச் சீட்டுகளை எண்ணினார்.

"முப்பத்தேழு இருக்கு. நீ முப்பத்தெட்டுன்னே."

"ஒன்னு என்கிட்ட இருக்கு சிஸ்டர். அதுவும் ஷில்பா பேருதான். அத மட்டும் காட்ட மாட்டேன்."

கோமளம் அவரை ஏறிட்டுப் பார்த்தார். ஒரு நர்ஸின் பார்வை. எங்கே வலிக்கிறது என்று தொடாமலே கண்டுபிடிக்கிற பார்வை.

"சஹானாவா?"

ஹெர்பர்ட் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"அடப்பாவி. பெத்த பொண்ணு இன்னொருத்திகிட்ட நாலு வார்த்தை பேசினதுக்கா?"

"இந்தப் பொறுப்ப நான் விட்டுடறேன் ஐயா" என்றார் ஹெர்பர்ட், போதகரைப் பார்த்து.

"விடலாம் பிரதர். ஆனா இன்னிக்கி இல்ல," என்றார் போதகர். "ஷெர்வினுக்கு நான் சொல்லிக்கறேன். அந்தப் பொண்ணுக்கு நீங்கதான் போய்ச் சொல்லணும்."

"மொதல்ல அத செய். அப்புறமா ராஜினாமா, நாடகமெல்லாம்" என்றார் கோமளம்.

டிரினிட்டியில் மெட்ரோ ஏறி வைட்ஃபீல்ட் போய்ச் சேர நான்கரை ஆகிவிட்டது. அந்தக் குடியிருப்பின் வாசலில் காவலாளி பெயர், ஊர், யாரைப் பார்க்க வேண்டும் என்று எல்லாம் எழுதி வாங்கினான். 'வந்த காரணம்' என்றொரு கட்டம் இருந்தது. ஹெர்பர்ட் அதில் ஒன்றும் எழுதாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

ஷில்பா கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓடிவந்தாள். "அங்கிள்! சஹானாவுக்கு ஒன்னும் இல்லையே?"

அவளுக்கு முதலில் வந்த பயமே அதுதான். அதைக் கேட்டதும் கொண்டுவந்த வார்த்தைகள் எல்லாம் அவருக்குச் சிதறிப்போயின. வாசல் ஓரம் செடித்தொட்டி மேடையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"உன் கணக்கு முப்பத்தொன்னு இல்லம்மா. நாப்பத்து மூனு. லெட்டர கமிட்டிக்கு நான் காட்டவே இல்ல. பசங்கள்ல இருபத்து நாலு பேர் உன் பேரை எழுதினாங்க. அதையும் மறைச்சேன். இடம் உன்னோடதுதான். இப்ப ஐயாகிட்ட சொல்லிட்டுதான் வரேன்."

ஷில்பா நின்றுகொண்டே இருந்தாள். "ஏன் அங்கிள்?"

எத்தனையோ காரணம் எழுதிய கை. இந்த ஒன்றைச் சொல்ல அவருக்கு நேரமாயிற்று.

"பொறாமைம்மா. என் பொண்ணு உன்கிட்ட வந்தா. என்கிட்ட வரல."

உள்ளே எங்கோ இன்டர்காம் அடித்து ஓய்ந்தது. ஷில்பா அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆபீஸ்ல இன்னும் பதில் சொல்லலதானே?" என்று கேட்டார் ஹெர்பர்ட். "நாளைக்கு வரைக்கும் டைம்னு சொன்னே. ஒத்துக்கோம்மா. ஞாயிறு வரலன்னா பரவால்ல. அந்த விதியே உன்ன மாதிரி ஆளுங்களுக்குத்தான்."

"காலையிலயே சொல்லிட்டேன் அங்கிள். பத்து மணிக்கு." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். "வீணாவுக்குக் குடுத்துட்டாங்க. என்கூட சேர்ந்தவதான். லஞ்சுக்கு ஸ்வீட்கூட குடுத்தா."

திங்கட்கிழமை சாயங்காலம், பேக்கரி வாசல், போடாத அந்தப் போன். ஹெர்பர்ட் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "நான் உங்க மேனேஜர்கிட்ட பேசட்டுமா?" என்று கேட்டது அவர் காதுக்கே அசட்டுத்தனமாக விழுந்தது.

"வேணாம். அவளும் கஷ்டப்படற பொண்ணு." பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஷில்பா சொன்னாள்: "கேம்ப்புக்கு நான் வரேன். உங்களுக்காக இல்ல, பசங்களுக்காக. இன்னொன்னு அங்கிள். சஹானா வரப்பல்லாம் நான் ஒன்னுதான் சொல்வேன், டாடிகிட்ட சொல்லு, டாடிகிட்ட சொல்லுன்னு. இன்னா விஷயம்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க செஞ்சதையும் அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். அது உங்க வேலை."

திரும்பும் மெட்ரோவில் உட்கார இடம் இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார்.

வீட்டில் சஹானா படித்துக்கொண்டிருந்தாள். அவள் புத்தகத்தின் மேல் சீட்டை வைத்தார். அவள் பார்த்தாள். முகம் சிவந்தது.

"தேட மாட்டேன்னு சொன்னீங்க."

"தேடல. ஆனா எடுத்து வெச்சுக்கிட்டேன்." பிறகு மிச்சத்தையும் சொன்னார், ஷில்பா வேண்டாம் என்று சொன்ன உத்தியோகம் வரைக்கும். எதையும் சுருக்கவில்லை. சஹானா கேட்டு முடித்து, "அக்கா அழுதாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல."

"அழ மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சீட்டை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அவளுடைய சங்கடம் என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் தகுதி அன்றைக்குத் தனக்கு இல்லை என்று நினைத்தார். அவளாகச் சொல்லவும் இல்லை. இன்று வரை சொல்லவில்லை.

மே முகாம் நல்லபடியாக நடந்தது. தேர்வுப் பொறுப்பைக் கோமளம் எடுத்துக்கொண்டார். பதிவேட்டை மட்டும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "அது உன்கிட்டயே இருக்கட்டும் ஹெர்பர்ட்டு" என்று சொல்லிவிட்டார்.

ஷில்பாவுக்கு வீக்டே ஷிஃப்ட் கிடைத்துவிட்டது. இப்போது எந்த ஞாயிறும் அவள் தவறுவதில்லை. எட்டரை ஆராதனைக்கு எட்டேகாலுக்கே வந்து, வாசலில் பதிவேட்டோடு நிற்கும் ஹெர்பர்ட்டுக்கு, "ஸ்தோத்திரம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். அவர் அவள் பெயரைத் தேடி, அந்த வாரத்துக் கட்டத்தில் ஒரு கோடு இழுக்கிறார். சூப்பர்வைசர் நாற்காலியில் வீணா உட்கார்ந்திருக்கும் ஞாயிறு ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு கோடு.

இதுவரை பத்தொன்பது ஆகியிருக்கிறது. இந்த வருஷம் ஐம்பத்திரண்டும் நிரம்பிவிடும். முப்பத்தொன்பதுக்கு மேல் எத்தனை என்று அவரை யாரும் கேட்கப்போவதில்லை.